விட்டில் பூச்சி என்றொரு வசை

ஒரு நடிகை அகாலத்தில் இறந்துபோனால் தமிழில் தவறாமல் ஒரு கட்டுரை பிறந்துவிடுகிறது. அதன் வாய்பாடு நம் எல்லோருக்கும் மனப்பாடம். வெளிச்சத்தை நோக்கிப் பறந்து சிறகு கருகிய விட்டில் பூச்சி முதல் பத்தியில் வரும். நடுவில் புகழ் என்னும் மாயமான் ஓடும். பெண்ணைப் பெற்றவர்கள் விழிப்போடு இருக்கவேண்டும் என்ற எச்சரிக்கையோடு கட்டுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடும். வெகுஜன வார இதழ்கள் இதை எழுதுவதில் வியப்பொன்றும் இல்லை. அட்டையில் அவளுடைய உடலையும் உள்ளே அவளுடைய மரணத்துக்கான நீதிபோதனையையும் அச்சிடுவது அவற்றின் பிழைப்பு. தீவிர இலக்கியம் பேசுகிறவர்களும் அதே குரலை, சற்றுச் செப்பமான தமிழில், இரண்டு படிமங்கள் சேர்த்து எழுதுவதுதான் நமக்குப் பொறுக்கவில்லை.

'புகழ் மோகம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இது யாருக்காக வைத்திருக்கும் சொல்? தென்மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து ரயிலேறி எழும்பூரில் இறங்கி, மேன்ஷன் அறையொன்றில் நான்கு பேரோடு ஐந்தாவது ஆளாகப் படுத்து, தேநீரும் பன்னுமாக ஆண்டுகளைக் கழித்து, இயக்குநர்களின் வீட்டு வாசலில் காத்துக் கிடந்த இளைஞனைப் பற்றி நாம் இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அவனுக்கு இருப்பது லட்சியம், வைராக்கியம், கலைத்தாகம். பின்னாளில் அவன் வென்றுவிட்டால் அந்தப் பட்டினியே அவனுடைய மூலதனமாகிவிடும். தொடர் எழுதுவான், மேடைதோறும் சொல்லுவான், கேட்பவர்கள் நெகிழ்வார்கள். தோற்றுவிட்டாலோ ஓர் அருமையான சிறுகதைக்குக் கதாநாயகன் ஆவான். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' அப்படி வாய்ப்புத் தேடி வந்த ஒருவனுக்கு நம் மொழியில் அழியாத இடம் ஒன்றைத் தந்திருக்கிறது. தந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே ரயிலில், அதே பசியோடு வந்திறங்கிய பெண்ணின் பட்டினி மூலதனமாவதில்லை, வதந்தியாகிறது. அந்த ஆண்டுகளில் அவள் எங்கே தங்கினாள், யார் வாடகை கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. அவள் வென்றாலும் அந்தக் கேள்வி போவதில்லை. அவள் தன் தொடக்க நாட்களைப் பற்றி மேடையில் பேச முடியாது. பேசினால் அரங்கம் நெகிழாது, காதைத் தீட்டிக்கொள்ளும்.

வரலாற்றையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 1931 அக்டோபரில் வெளியான 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர். பால்யத்திலேயே மணம் முடிக்கப்பட்டு, அந்த மணவாழ்க்கை நிலைக்காமல், தந்தையையும் இழந்து, தாயோடு பிழைப்புத் தேடி நாடகக் கம்பெனிக்கு வந்தவர். அவர் புகழைத் துரத்தி வரவில்லை, சோற்றைத் தேடி வந்தார். புகழ் பின்னால் வந்தது. 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கினார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர். இந்த வாழ்க்கையை விட்டில் பூச்சி உவமையில் எங்கே செருகுவது?

தெற்கே இன்னும் கொடியது நடந்தது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் இன்றைய குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். அதில் நாயகியாக நடித்த பி.கே. ரோசி ஒரு தலித் பெண், புல்லறுத்துப் பிழைத்தவர். திரையில் அவர் ஏற்றது நாயர் பெண்ணின் வேடம். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது சாதியத் திமிர் திரையைக் கல்லால் அடித்தது, அவருடைய குடிசைக்குத் தீ வைத்தது. தப்பியோடிய அவர் நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். தாம் நடித்த படத்தைத் தாமே பார்க்கும் வாய்ப்புக்கூட அவருக்குக் கிடைக்கவில்லை என்பார்கள். அவர் எந்த விளக்கை நோக்கிப் பறந்தார்? விளக்கில் விழவில்லை, விரட்டிப் பிடித்துக் கொளுத்தப் பார்த்தார்கள். விட்டில் உவமையின் வசதியே இதுதான். அதில் கொளுத்தியவன் இல்லை. நெருப்பு இயற்கை, பூச்சி மூடம், பார்த்துக்கொண்டிருப்பவர் தத்துவஞானி.

சில்க் ஸ்மிதாவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட இரங்கற்பாக்களைத் தொகுத்தால் கனத்த நூலொன்று தேறும். ஏலூர் அருகே ஒரு கிராமம், நான்காம் வகுப்போடு நின்ற படிப்பு, சிறு வயதில் கட்டிவைக்கப்பட்ட கல்யாணம், அங்கிருந்து தப்பிச் சென்னைக்கு வந்து ஒரு நடிகைக்கு ஒப்பனை உதவியாளர் வேலை. இவ்வளவுக்குப் பிறகுதான் 1980இல் 'வண்டிச்சக்கரம்'. அடுத்த ஆண்டே 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் கவர்ச்சியின் துணையின்றித் தம்மால் நடிக்க முடியும் என்று காட்டினார். பார்த்தவர்கள் பாராட்டிவிட்டு மீண்டும் ஒரு பாட்டுக்கு ஆட அழைத்தார்கள். படம் விற்கவேண்டுமானால் ஸ்மிதாவின் பாட்டு ஒன்று வேண்டும் என்று விநியோகஸ்தர்கள் கேட்ட காலம் அது. கேட்டவர்களுக்கு யாரும் 'மோகம்' என்று பெயர் வைக்கவில்லை. 1996 செப்டம்பர் 23 அன்று அவர் சென்னையில் இறந்தார். 2011இல் அவர் வாழ்க்கையின் சாயலில் எடுத்த இந்திப் படம் பெரும் பணம் சம்பாதித்தது, அதில் நடித்த வித்யா பாலனுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. நல்ல நடிகை, தகுதியான விருதுதான். 2023இல் 'மார்க் ஆண்டனி' படத்தில் அவருடைய சாயல் கொண்ட ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துத் திரையில் நிறுத்தினார்கள். செத்த பிறகும் கால்ஷீட் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சம்பளம்தான் இல்லை.

ஷோபாவின் கதையை நாம் இன்னும் நிதானமாகப் படித்திருக்க வேண்டும். 'பசி' படத்தில் குப்பை பொறுக்கும் பெண்ணாக நடித்ததற்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 1980 மே முதல் தேதி இறந்தபோது வயது 17. பதினேழு! இன்றைய சட்டத்தின் கண்ணில் அவர் ஒரு குழந்தை. குழந்தை நட்சத்திரமாகத் திரைக்குள் வந்தவர் வளர்ந்து முடிக்கும் முன்பே அவரைச் சுற்றி ஒரு தொழிலும் அத்தனை பெரிய மனிதர்களும் நின்றிருந்தார்கள். இருந்தும் அந்த மரணத்தைப் பற்றிய தமிழ்ப் பேச்சு நெடுங்காலம் காதல், சோகம், மேதைமை என்ற சொற்களைச் சுற்றியே வந்தது. குழந்தை என்ற சொல் அதில் அரிதாகவே தென்பட்டது.

இதற்கு நேர் எதிராக மனோரமாவைக் காட்டுவார்கள். பள்ளத்தூரிலிருந்து நாடக மேடை வழியாக வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார், கண்ணியமாக 'ஆச்சி' ஆனார், பாருங்கள் என்பார்கள். மனோரமாவின் மேதைமையில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் சிரிக்கவைத்த பெண்ணைச் சமூகம் மன்னித்தது என்பதே அதன் பொருள். அவருக்குக் கிடைத்த கண்ணியம் அழகியாக நடித்தவருக்குக் கிடைத்திருக்குமா? பானுமதியைக் காட்டினால் இன்னும் பொருந்தும். சொந்த ஸ்டுடியோ வைத்திருந்தார், படம் இயக்கினார், தெலுங்கில் நல்ல நகைச்சுவைக் கதைகள் எழுதினார். அவரிடம் யாரும் வாலாட்டவில்லை என்றால் காரணம் ஒழுக்கமல்ல, ஸ்டுடியோச் சாவி. (நடிகையரின் கண்ணியம் பற்றிக் கட்டுரை எழுதுவோர் சொத்துரிமை பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பதைக் கவனிக்கவும்.)

புகழைக் கொடுத்தபின் அதைக் கொண்டு அவள் என்ன செய்யலாம் என்பதற்கும் வரையறை உண்டு. குஷ்புவுக்குத் தமிழகத்தில் கோயில் கட்டினார்கள். 2005இல் அதே குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஓர் இதழில் ஒரு கருத்தைச் சொன்னார். செருப்பும் துடைப்பமுமாக ஊர்வலங்கள் கிளம்பின. 20க்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்தான் அவற்றைத் தள்ளுபடி செய்தது. சிலைக்கு வாய் இருக்கக் கூடாது என்பது நம் பக்தியின் ஆகம விதி போலும்.

சரி, கோடம்பாக்கத்தின் உள்ளே போவோம். கேரளத்தில் 2017 பிப்ரவரியில் ஒரு நடிகை ஓடும் காரில் தாக்கப்பட்டார். அதன்பின் திரைத்துறைப் பெண்கள் கூட்டாகப் போராடியதன் விளைவாக நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது. அறிக்கை 2019 டிசம்பரில் அரசிடம் தரப்பட்டது. வெளியானது 2024 ஆகஸ்டில், அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்ட பின்பு. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஒரு அறிக்கை அலமாரியில் உறங்கியது. அதில் நம்மை உலுக்கியவை பாலியல் வன்முறை பற்றிய பக்கங்கள் மட்டுமல்ல. படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை கிடையாது, உடை மாற்ற மறைவிடம் கிடையாது, ஆகவே பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்று அது சொல்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லை, துணை நடிகைகளுக்குப் பேசிய கூலி கைக்கு வருவதில்லை என்கிறது. 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்' என்ற இரு சொற்களை அந்தத் தொழிலுக்கு வரும் பெண்கள் முதலில் கற்றுக்கொள்கிறார்கள் என்கிறது. புகழைத் துரத்தினாள் என்கிறீர்களே, அவள் அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்கவே யோசித்திருக்கிறாள்.

அது மலையாளத்துச் சேதி, தமிழில் அப்படியில்லை என்று உடனே சிலர் சொன்னார்கள். தமிழில் நடந்ததையும் பார்ப்போம். 2018 அக்டோபரில் பாடகி சின்மயி ஒரு பாடலாசிரியர் மீது பாலியல் புகார் சொன்னார். அவர் அதை மறுத்தார். உண்மை எதுவென்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிமன்றம் அல்ல. ஆனால் அடுத்த மாதமே டப்பிங் கலைஞர்கள் சங்கத்திலிருந்து, சந்தா பாக்கி என்ற காரணம் காட்டி, சின்மயி நீக்கப்பட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஹேமா அறிக்கைக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் தென்னிந்திய நடிகர் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. குற்றம் உறுதியானால் ஐந்தாண்டு தடைக்குப் பரிந்துரைப்போம் என்றது. நல்லது. கூடவே, பாதிக்கப்பட்டவர்கள் ஊடகங்களிடம் நேரடியாகப் பேசாமல் சங்கத்தின் குழுவிடம் வரவேண்டும் என்றும் அறிவுறுத்தியது. அவளுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அவளுடைய பெயரும் முகமும் நாலுபேருக்குத் தெரியும் என்பது. அந்தப் புகழை அவள் தனக்காகப் பயன்படுத்தப் போகும் முதல் தருணத்தில், வேண்டாம் அம்மா, உள்ளே வந்து மெதுவாகச் சொல் என்கிறார்கள்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் மாலையில் தொலைக்காட்சியைப் போட்டுப் பார்க்கட்டும். ஆடல் பாடல் போட்டிகள் 2000களின் நடுவிலிருந்து தமிழ் அலைவரிசைகளின் அன்றாட உணவு. ஏழு வயதுச் சிறுமி, பொருள் தெரியாத பாட்டுக்கு இடுப்பை ஒடித்து ஆடுவாள். நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள், தாய் அழுவாள், இடைவேளையில் சோப்பு விற்கும். நிலைமை எல்லை மீறி, 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே குழந்தைகளை இப்படிக் காட்டாதீர்கள் என்று அலைவரிசைகளுக்கு அறிவுரை அனுப்பவேண்டி வந்தது. ஏழு வயதில் கைதட்டிய அதே கூட்டம், பத்தாண்டு கழித்து அந்தப் பெண் போட்டோ ஆல்பத்தோடு வடபழநியில் அலையும்போது பெருமூச்சு விடுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இடைத்தரகன், தயாரிப்பு நிர்வாகி, ஆல்பம் எதுவும் வேண்டாமல், கையிலிருக்கும் செல்பேசியிலேயே முகம் காட்டலாம் என்று ஒரு காலம் வந்தது. டிக்டாக்கில் களை பறிக்கும் பெண்ணும் தையல்கடைப் பெண்ணும் ஆடினார்கள், பாடினார்கள். பெரும்பாலானவை அசட்டுத்தனம்தான், கலையென்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் அங்கே யாரும் அவர்களை இரவில் அறைக்கு வரச்சொல்லி வாய்ப்புத் தரவில்லை. உடனே கலாச்சாரச் சீரழிவு என்ற கூச்சல் எழுந்தது. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்து, அந்த மாதமே விலக்கிக்கொண்டது. 2020 ஜூனில் மத்திய அரசு வேறொரு காரணத்துக்காக, எல்லைத் தகராற்றை ஒட்டி, முற்றாகத் தடைசெய்தபோது நம்மூர் ஒழுக்கவாதிகள் தங்களுக்கே வெற்றி கிடைத்ததுபோல் மகிழ்ந்தார்கள். தரகன் உள்ள வழியில் போனால் விட்டில், தரகன் இல்லாத வழியில் போனால் சீரழிவு. அப்படியானால் பெண்ணுக்கு எந்த வழி?

புகழ் அப்படியென்ன உன்னதமான பொருளா என்று நம்மை மடக்குவார்கள். இல்லை. புகழ் மெலிந்த பொருள்தான், அதை நம்பி வாழ்வோர் பரிதாபத்துக்குரியவர்கள்தான். ஆனால் அந்த அளவுகோலை எல்லோருக்கும் நீட்டுங்கள். டிசம்பரில் சாகித்திய அகாதெமி விருது அறிவிப்பு வரும் வாரத்தில் நம் எழுத்தாளர்கள் சிலரின் முகத்தைப் பார்த்திருக்கிறோம். அவர்களை யாரும் விட்டில் என்று அழைத்ததில்லை.

அடுத்த அஞ்சலிக் கட்டுரை எழுதப்போகிறவர் யாராயினும், பேனாவை எடுக்குமுன் சாலிக்கிராமத்துக்கோ வளசரவாக்கத்துக்கோ ஒரு நடை போய்வரட்டும். அவள் கடைசியாக நடித்த படத்துக்கு ஒப்பந்தத் தாள் இருந்ததா, அதில் எழுதிய தொகை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் படக்குழுவில் புகார்க் குழு ஒன்று இருந்ததா, இருந்தால் அதில் யார் யார் என்று விசாரிக்கட்டும். பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். தயாரிப்பாளர் ஊரில் இல்லை என்பார்கள், மானேஜர் வேறு படத்துக்குப் போய்விட்டார் என்பார்கள்.