வட்டம் வட்டமாகவே இருக்கட்டும்

நம் சங்கக் குடும்பங்களில் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்போர் சிலர், தாம் இளமையில் ஆடிக் களித்த கணிப்பொறி விளையாட்டுகளைத் தம் மக்களுக்குக் காட்ட விழைகின்றனர். பழைய விளையாட்டுகளைப் புதிய பொறியில் இயக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற கருவிகள் இருத்தலின், அஃது எளிதே. ஆயினும், இன்று திரையில் தோன்றுவது அன்று கண்ட உருவந்தானா என்பதை நாம் சிறிது ஆராய்தல் நன்று.

1987-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் விஜிஏ என்னும் படமுறையை வெளியிட்டது. அதில் விளையாட்டு ஆக்குவோர் பெரிதும் கையாண்டது, 320 புள்ளி அகலமும் 200 புள்ளி உயரமும் கொண்ட அமைப்பாகும். 1993-இல் வந்த ‘டூம்’ அத்தகையதே. அக்காலத்துக் குழாய்த் திரையின் அகலமும் உயரமும் 4:3 என்னும் விகிதத்தில் அமைந்தவை. அவ்விகிதப்படி 320 அகலத்துக்கு 240 உயரம் வேண்டும். இருந்தனவோ 200 வரிகளே. அவ்வரிகளைத் திரை தன் முழு உயரத்துக்கும் பரப்பிக் காட்டிற்று. அதனால் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தினும் ஐந்தில் ஒரு பங்கு மிகுந்த உயரம் பெற்றது.

இன்றைய தட்டைத் திரையின் புள்ளிகளோ சதுரமானவை. பழைய படத்தை அவ்வாறே அதில் இட்டால், உயரத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஜோர்டன் மெக்னர் என்பார் தம் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அவ்வசைவுகளைக் கொண்டே ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் இளவரசனை உருவாக்கினார். அந்த இளவரசன் இங்கே குள்ளனாகிறான். அகலத் திரை முழுவதும் நிரம்ப வேண்டுமென்று பக்கவாட்டில் இழுத்துவிடின் கேடு இன்னும் பெருகும். 64,000 புள்ளிகளில் ஒன்றும் அழியவில்லை; உருவம் மட்டும் திரிந்துவிட்டது. கோப்பில் இருப்பவை புள்ளிகளே. அவற்றுக்கு வடிவம் தந்தது அன்றைய திரை.

இதற்குப் பரிகாரம் உண்டு. டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்னும் வரிக்கு எதிரே ‘ட்ரூ’ என்று எழுதினால் விகிதம் சீராகும். பெரிதாக்குதலில் மட்டும் ஒரு சிக்கல் எஞ்சும். 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் சரியான படம் 1440-க்கு 1080 ஆகும். அப்போது ஒரு புள்ளி குறுக்கே நாலரை மடங்காக வேண்டும். அரைப் புள்ளி என்று ஒன்று இல்லையாதலால், சில நான்காகவும் சில ஐந்தாகவும் அமைந்து, படம் நகரும்போது நெளியும். முதலில் குறுக்கே 5 மடங்கும் நெடுக்கே 6 மடங்குமாக 1600-க்கு 1200 என வளர்த்து, பின்பு மென்மையாகச் சுருக்கினால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

எல்லா விளையாட்டுக்கும் இம்மருந்து பொருந்தாது. 640-க்கு 480 அளவில் அமைந்தவற்றுக்குத் திருத்தமே வேண்டா. வேறு பொறிக்கென வரைந்த படங்களை அப்படியே கொணர்ந்த விளையாட்டுகளும் உள. ஆகவே நிலவு, நாணயம், சக்கரம் என ஏதேனும் ஒன்றைத் திரையில் தேடிப் பாருங்கள். அது வட்டமாகத் தோன்றுகிறதா என்பதே பெரும்பாலும் தக்க சோதனை.

இருபுறமும் கருமை தெரிகிறதே என்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். ஆக்கியவன் கண்ட உருவத்தைக் காக்க விட்ட இடம் அது என்று நாம் அவர்களுக்கு எடுத்துரைப்போமாக.