டிரைவர் சும்மாதானே நிக்கிறார்?

லாரி விபத்து என்றால் உடனே "டிரைவர் தூங்கிட்டான்" என்கிறோம். ஏன் தூங்கினார் என்று கேட்டிருக்கிறோமா மக்களே?

ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர் குடோன் வாசலில் லோடு இறக்க நிற்கிறார். வரிசை நகர்ந்தால் வண்டியையும் நகர்த்த வேண்டும். கண் அசர முடியாது. இதற்குப் பெயர் ஓய்வாம்!

1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது. நல்லது. ஆனால் முனையத்தில் வெறுமனே காத்திருப்பது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால்தான் வேலை நேரத்தில் சேரும் என்றும் அதுவே சொன்னது. ஐந்து மணி நேரம் நின்றால்? கணக்கிலேயே இல்லை!

2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு வந்து, பழையது போய்விட்டது. காத்திருப்பது வேலையில்லை என்ற நினைப்பு போகவில்லை.

தாமதிக்கும் குடோன்காரர் மணிக்கணக்குப் பார்த்து டிரைவர் கையில் காசு கொடுக்கட்டும். அப்புறம் பாருங்கள், லோடு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதென்று!