மூச்சு விட நேரமில்லை

ஹாவர்ட் ஹாக்ஸ் 1940-இல் எடுத்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' படத்தை சப்டைட்டிலோடு பார்க்க உட்காராதீர்கள். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் நாலு வரி ஓடிப்போயிருக்கும். கேரி கிராண்ட் பேசிக்கொண்டிருக்கும்போதே ரோசலிண்ட் ரஸ்ஸல் பதில் சொல்லத் தொடங்குவார். அது முடியுமுன் மூலையில் ஒருவர் டெலிபோனில் கத்துவார். ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சு ஏறினாலும் விஷயம் நழுவாதபடி கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார் ஹாக்ஸ். இப்போதைய படங்களுக்கு வேகம் எடிட்டிங்கில் வருகிறது. இவர்கள் வாயாலேயே அதைச் சாதித்துவிட்டார்கள்.

வால்டர் (கிராண்ட்) பத்திரிகை ஆசிரியர். அவரை விவாகரத்து செய்த ஹில்டி (ரஸ்ஸல்), அவரிடமே வேலை பார்த்த கெட்டிக்கார நிருபர். ஆல்பனி ஊர் இன்சூரன்ஸ்காரர் ப்ரூஸை மறுநாள் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் போக வருகிறார். வால்டர் விடுவாரா? மூலக்கதை 1928-இல் வந்த 'தி ஃப்ரன்ட் பேஜ்' என்ற நாடகம். அதில் ஹில்டி ஆண். ஹாக்ஸ் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக்கியதும் ஆபீஸ் தகராறு புருஷன் பெண்டாட்டி சண்டையாகிவிட்டது. சிறை அதிகாரி ஒருவரைத் தெருவில் துரத்திப்போய்க் கீழே தள்ளிச் செய்தி வாங்குகிறார் ஹில்டி, அதுவும் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு. எண்பது வருஷம் கழித்தும் விசில் அடிக்கத் தோன்றுகிறது.

ஆனால் இதே படத்தில் ஒருவனைத் தூக்கில் போடக் காத்திருக்கிறார்கள். தேர்தல் வருகிறது, ஓட்டு வேண்டும். தண்டனையை நிறுத்தி கவர்னர் அனுப்பிய உத்தரவைக் கொண்டுவந்த ஆளுக்கே மேயரும் ஷெரீஃபும் வேலை ஆசை காட்டித் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். அந்தக் கைதிக்காகப் பரிந்து பேசும் மாலி என்ற பெண்ணை நிருபர்கள் கூடிக் கேலி செய்கிறார்கள். அவன் தப்பியோடிய பிறகு, அவன் எங்கே என்று அவளை நெருக்குகிறார்கள். அவள் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுகிறாள். உயிர் இருக்கிறது என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டு அவரவர் வேலைக்கு ஓடுகிறார்கள். வால்டர் அப்போதுதான் உள்ளே வருகிறார்; அவருக்கு ஹில்டி மேஜைக்குள் ஒளித்துவைத்த கைதிதான் முக்கியம். முதல் தடவை பார்ப்பவர் இதைக் கவனித்தாரா என்பதே சந்தேகம். அடுத்த நகைச்சுவை வந்து இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த நிருபர்களைப்போல நம்மையும் ஆக்கிவிடுகிறது அந்த வேகம். படம் நிதானமாகும் இடம் என்று எனக்குப் படுவது ஒன்றுதான்: சிறைக்கூண்டின் முன் உட்கார்ந்து ஹில்டி அந்தக் கைதியிடம் தணிந்த குரலில் பேட்டி எடுப்பது. அங்கேகூட, அவன் சுட்டதற்கு ஒரு காரணத்தை மெல்ல மெல்ல அவன் வாயில் போட்டுக்கொடுப்பவர் அவர்தான்.

முடிவு இன்றைக்குக் கொஞ்சம் தொண்டையில் சிக்கும். வால்டர் தன்னைப் போகச் சொல்லிவிட்டாரே என்று உடைந்துபோன ஹில்டி, அவர் ப்ரூஸைக் கள்ளநோட்டில் மாட்டிவிட்ட சேதி டெலிபோனில் வந்ததும் அழுகிறார், நிம்மதியில். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடக்கிறார். பெண்ணியவாதிகள் கோபிப்பது நியாயம். ஆனாலும் ஆல்பனியில் மாமியாரோடு இருக்கும் ஹில்டியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாவம் ப்ரூஸ். அவர் எப்படி இருப்பார் என்று வால்டர் ஒருத்தியிடம் அடையாளம் சொல்லும்போது, சினிமாவில் வரும் ரால்ஃப் பெல்லமி மாதிரி என்கிறார். ப்ரூஸாக நடித்தவரே ரால்ஃப் பெல்லமிதான். 1937-இல் 'தி ஆஃபுல் ட்ரூத்' படத்திலும் அவர் இதே கேரி கிராண்டிடம்தான் பெண்ணைப் பறிகொடுத்தார். அதற்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. இதற்கு அதுவும் இல்லை.