மோகினிக் கொழுக்கட்டை

2024ஆம் ஆண்டு தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில் வந்தன. ஒக்டோபர் 31, வியாழக்கிழமை. காலையில் எண்ணெய் வைத்துக் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு கண்டி கட்டுக்கலை செல்வ விநாயகர் கோவிலுக்குப் போய்வந்த எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள், பின்னேரம் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு பேயாகக் கிளம்பினார்கள். ஆங்கில வகுப்பில் கற்றுவந்த சங்கதி. கதவைத் தட்டுவார்கள், பயமுறுத்துவார்கள், இனிப்புக் கொடுத்தால் போய்விடுவார்கள். எல்லா வீட்டிலும் தீபாவளிப் பலகாரம் டின் டின்னாக இருந்ததால் அன்று எந்தப் பேயும் வெறுங்கையோடு திரும்பவில்லை. மறுவருடம் தீபாவளி ஒக்டோபர் 20ஆம் திகதிக்குப் போய்விட்டது. பிள்ளைகள் விட்டுவிடுவார்களா? தீபாவளி முடிந்த கையோடு பேய்க்கு நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

பெரியவர்களில் சிலருக்கு இதில் கோபம். வெள்ளைக்காரன் பண்டிகை நமக்கெதற்கு என்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. செத்துப்போனவர்கள் வருடத்தில் ஒருநாள் வீட்டுப்பக்கம் வருவார்கள் என்ற நம்பிக்கையிலிருந்து வளர்ந்த பண்டிகை அது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபம் செய்வார்கள். பதிலுக்கு வீட்டுக்காரர்கள் சின்னக் கேக் கொடுப்பார்கள். அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அயர்லாந்துக்காரர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது, அங்கே விளைந்த பூசணிக்காய் கிழங்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. என் அப்பா பிறந்தது தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில். அங்கே தீபாவளியன்று முதல் இலை இறந்தவர்களுக்குத்தான். அப்பாயி அதிரசம், வடை, கறி, சுருட்டு, புதுவேட்டி எல்லாம் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எங்களை வெளியே நிற்க வைப்பார். உள்ளே தாத்தா வந்து சாப்பிடுகிறார் என்று மூச்சுவிடாமல் நிற்போம். கத்தோலிக்க வீட்டுக்காரர்கள் நவம்பர் 2ஆம் திகதி மகியாவை மயானத்துக்கு மெழுகுதிரியும் பூவும் கொண்டுபோகிறார்கள். ஒரே பருவத்தில் இத்தனை வீடுகள் தங்கள் இறந்தவர்களை நினைக்கும்போது, பிள்ளைகள் கரி பூசிக்கொண்டு அதற்குள் ஓடித்திரிந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது?

எனக்குள்ள கவலை வேறு. கடையில் வாங்கிய டொபிப் பையைக் கதவில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே தொலைக்காட்சி பார்ப்பது. தீபாவளிக்கும் அதே கதி வந்துகொண்டிருக்கிறது. நகரத்தில் அழகாகக் கட்டிய பலகாரப் பெட்டி கிடைக்கிறது, வாங்கி வாங்கிக் கைமாற்றிக்கொள்கிறோம். பெட்டிக்குள் இருப்பதை யார் செய்தார்கள் என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆகவே பிள்ளைகளிடம் ஒரு நிபந்தனை வைத்தோம். பேய் விளையாட்டு வேண்டுமென்றால் பேய்ப் பலகாரத்தை அவர்களே செய்ய வேண்டும், அதுவும் கண்டிச் சந்தையில் கிடைக்கும் சாமானில்.

என்ன பேய் செய்வது என்பதில்தான் முதல் வாக்குவாதம். சிங்களப் பாடசாலைக்குப் போகும் பையன் மஹசோனா வேண்டும் என்றான். கரடித் தலையோடு முச்சந்தியில் நிற்கும் பேய். இன்னொருத்தி ரோதமுனி செய்யலாம் என்றாள். வீட்டிலிருந்த என் அம்மா அந்த இடத்தில் மறித்துவிட்டார். "ரோதமுனி பேய் இல்லடி, சாமி. தொழிற்சாலைல சக்கரத்தக் காவல் காக்கிறவரு. அவருக்குப் படைக்கலாம், அவரையே திங்கலாமா? மோகினியச் செய்யுங்க, அவளுக்கு யாரும் கோயில் கட்டல." கொழுந்து எடுத்த கை அவருடையது. தேயிலை இயந்திரத்தில் கை போனவர்களைப் பார்த்தவர். ரோதமுனியை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார். பிள்ளைகளுக்கும் அது விளங்கியது. மோகினிதான் என்று முடிவானது.

மோகினிக்குக் கொழுக்கட்டை மா பொருத்தமோ பொருத்தம். வறுத்த பச்சரிசி மாவில் உப்புப் போட்டு, கொதிக்கும் தண்ணீர் விட்டு, அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். ஆறிப்போனால் வெடிப்பு விழும். வழக்கமான சோழி வடிவத்துக்குப் பதிலாக மாவை நீளவாக்கில் உருட்டி, மேலே தலையைக் கொஞ்சம் கிள்ளி, கீழே சேலை விரிவதுபோல் விரல் நுனியால் மடிப்பு வைத்தார்கள். உள்ளே வறுத்த பயறு, தேங்காய்ப்பூ, கித்துள் கருப்பட்டி, ஏலக்காய். கண்ணுக்கு இரண்டு கறுப்பு எள்ளு. எள்ளை ஈரவிரலால் ஒற்றி எடுத்து மாவில் அழுத்த வேண்டும், அவித்த பிறகு வைத்தால் நிற்காது. இட்லிச் சட்டி மூடியைத் திறந்தபோது ஆவிக்குள் வரிசையாக நின்றார்கள் வெள்ளைச் சேலை மோகினிகள். ஒருத்தியின் வயிறு பிளந்து கருப்பட்டிப் பாகு கறுப்பாக வழிந்திருந்தது. அதற்குத்தான் பிள்ளைகளிடையே அடிபிடி.

சிலந்தி சுலபம். எள்ளுருண்டையைப் பிடித்து, ஓமப்பொடியை எட்டுத் துண்டாக ஒடித்துப் பக்கத்துக்கு நாலாகக் குத்தினால் முடிந்தது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வருகிறவர்கள் வரக்காப்பொலயில் இறங்கி, கடதாசியில் முறுக்கிச் சுற்றிய எள்ளுருண்டையை வாங்காமல் வருவதில்லை. சிங்களத்தில் தலகுலி. வாங்கியதிலும் கால் குத்தலாம். ஆனால் வீட்டில் இடித்த எள்ளின் எண்ணெய் விரலிலெல்லாம் ஒட்டிக்கொண்டு மணக்கும்போது பிள்ளைகள் விரலைச் சப்புகிற அழகை நான் எதற்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சிலந்தி வலைக்குத்தான் கொக்கிஸ் அச்சு. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் இரவல் வாங்கினோம். அவர்கள் வீட்டில் சித்திரைக்கு மட்டும் வெளியே வரும் பித்தளை அச்சு, தேர்ச்சில்லு மாதிரி வட்டமும் ஆரமுமாக இருக்கிறது. அரிசி மா, தேங்காய்ப்பால், ஒரு முட்டை, மஞ்சள், உப்பு. அச்சைக் கொதிக்கும் எண்ணெயிலேயே போட்டுச் சூடாக்கி, மாவில் முக்கால்வாசி மட்டும் தோய்க்க வேண்டும். முழுக்க மூழ்கிவிட்டால் மா மேலால் மூடிக்கொண்டு கழலாது. திரும்ப எண்ணெயில் பிடித்து மெல்லத் தட்டினால் வலை கழன்று மிதக்கும். இந்தப் பலகாரம் ஒல்லாந்தர் வழியாக வந்தது என்பார்கள். கண்டி இராச்சியத்தை ஒல்லாந்தர் ஒருநாளும் ஆண்டதில்லை. 1815இல் அது விழுந்தது ஆங்கிலேயரிடம். ஆனாலும் ஒல்லாந்தரின் அச்சு மலையேறிக் கண்டி அடுக்களைக்குள் புகுந்து, இன்று கொக்கிஸ் இல்லாத புத்தாண்டுத் தட்டே இல்லை. பூசணிக்காயும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். வெளியிலிருந்து வந்த பண்டிகை என்று முகம் சுளிப்பவர்கள் தங்கள் சட்டிக்குள் ஒருதடவை எட்டிப் பார்க்கட்டும்.

இந்த எல்லாவற்றிலும் உயிர் கித்துள் கருப்பட்டிதான். அதைப்பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர மனமில்லை. கண்டியைச் சுற்றிய காட்டோரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் கித்துள் மரம் நிற்கிறது. பூம்பாளையைப் பதப்படுத்திச் சீவி, காலையும் மாலையும் மரமேறிப் பதநீர் இறக்குகிறார்கள். அது புளித்துவிடாமல் இருக்க முட்டியில் ஹல் மரப்பட்டையைப் போட்டு வைப்பார்கள். இறக்கிய கையோடு விறகடுப்பில் காய்ச்சினால் பாணி, மேலும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவர்கள் உண்டு. ஏறுகிற இளைஞர்கள் குறைந்துவருகிறார்கள். அதனால்தான் நல்லது விலை கூட, விலை கூடியதால்தான் சீனிக் கலப்படம். உடைக்கும்போது கண்ணாடி போலப் பளபளத்து விறைப்பாக இருந்தால் நான் வாங்குவதில்லை. நல்ல கருப்பட்டி உடைந்த இடத்தில் மங்கலாக, கொஞ்சம் ஈரமாக இருக்கும், புகை மணக்கும். அந்தப் புகைமணம் கொழுக்கட்டைக்குள் போனால் ஏலக்காயே தேவையில்லை.

இனிப்புக்குக் கஷ்டகாலம் வருவதும் எங்களுக்குப் புதிதல்ல. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச்சாவு நடந்தது. கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது, சீனிக்குத் தட்டுப்பாடு. அந்தக் காலத்துத் தீபாவளிக்கு மரவள்ளி மாவில் பணியாரம் சுட்டதாக அம்மா சொல்வார். இரண்டு வீட்டுக்கு ஒரு தாச்சி எண்ணெய். அரைநூற்றாண்டு கழித்து 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்கு ஏறிய அடுத்த மாதமே தீபாவளி வந்தது. கண்டிச் சந்தையில் கால் கிலோ பயறு, நூறு கிராம் எள்ளு என்று அளந்து வாங்கியவர்களைப் பார்த்தேன். ஆனாலும் அன்று எண்ணெய்ச்சட்டி வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. அமெரிக்காவிலும் 1942 முதல் 1947 வரை சீனிக்குப் பங்கீடு. ஹலோவீன் பிள்ளைகள் கதவு தட்டுவது அந்தக் காலத்தில் ஓய்ந்து, பங்கீடு நீங்கியபின்தான் பெரிதாகப் பரவியது. கையில் இருப்பதைக் கொண்டு ஒரு துண்டு இனிப்பாவது செய்து பிள்ளைகள் வாயில் போட வேண்டும் என்ற தவிப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

தவிப்பு யாருடையது என்று பார்த்தால் பெரும்பாலும் தாய்மாருடையது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் வாங்குவார்கள். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழியும். அந்தக் காசில் துணியும் மாவும் எண்ணெயும் வாங்கி, பகல் முழுக்க மழையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, இரவு லயத்து அடுப்பில் விறகு புகையப் புகைய முறுக்குப் பிழிந்தவர்கள் பெண்கள். ஆண்கள் நாங்கள் காலையில் எழுந்து சாப்பிட்டோம். நகரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதே இரட்டைச் சுமை. அவர்கள் அலுத்துப்போய்க் கடையில் வாங்குகிறார்கள் என்றால் குறைசொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுப் பலகாரம் அழிகிறதே என்று புலம்பும் ஆண்கள் முறுக்கு உரலைக் கையில் எடுக்கட்டும். மா பிழிவதற்குத் தோள்பலம் வேண்டும், அது அவர்களிடம் தாராளமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் உரல் என் பொறுப்பு, எண்ணெய்ச்சட்டி மனைவியின் பொறுப்பு, மோகினிக்குக் கண்வைப்பது பிள்ளைகள். அம்மா கதிரையில் இருந்தபடி பதம் சொல்வார்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒக்டோபர், நவம்பரில் கண்டியில் மத்தியானம்வரை வெயில் காயும். பிறகு ஹந்தானைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து இடிமழை கொட்டும். அந்த ஈரக்காற்றில் மாவை வெயிலில் காயவைக்கலாம் என்று நம்பி இருக்கக்கூடாது. சுடுகிற அன்று காலையிலேயே மாவை வறுத்துவிட வேண்டும். முறுக்கு முழுக்க ஆறிய பிறகு டின்னில் போட்டு இறுக மூட வேண்டும், சூட்டோடு மூடினால் வேர்த்து நமத்துப்போகும். கொழுக்கட்டை அன்றைக்கே தீர வேண்டிய பண்டம். அதிரசம் எதிர்மாறு, மறுநாள்தான் அதற்கு ருசி வரும்.

பேய்ப் பலகாரம் செய்த அன்று பின்னேரம் பேய்கள் தட்டோடு கிளம்பின. அமெரிக்கப் பேய் வாங்க வரும், எங்கள் ஒழுங்கைப் பேய் கொடுக்கவும் போகும் என்று பிள்ளைகளே திருத்தம் செய்துவிட்டார்கள். முஸ்லிம் வீட்டு ராத்தா மோகினியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வெறுந்தட்டு குடுக்கக்கூடாது மகள்" என்று வட்டிலப்பம் வைத்து அனுப்பினார். கத்தோலிக்க வீட்டு அங்கிள் சிலந்தியின் காலை ஒவ்வொன்றாக ஒடித்துத் தின்று காட்டினார். அச்சுத் தந்த சிங்கள அம்மாவுக்கு நாலு வலை தனியாக எடுத்து வைத்தோம். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் கொஞ்சம் கூடிப்போச்சு, தேங்காய்ப்பால் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும் என்றார். அடுத்த முறை அப்படியே செய்வதாகச் சொல்லியிருக்கிறோம். சித்திரைக்கு அவருக்கு அச்சு வேண்டும். சவர்க்காரம் போட்டுத் தேய்க்காமல் துடைத்து, எண்ணெய் தடவி, பழந்துணியில் சுற்றிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் சுடும் முதல் கொக்கிஸ் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும்.