மார்க் போடுவது யார்?



மனநலம் பற்றி எப்போது எழுதினாலும் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேர்கிறது. "போனில் ஒரு படிவத்தை நிரப்பினேன், மனச்சோர்வு 27-க்கு 16 என்று வந்தது. டாக்டரோ பேசிப் பார்த்துவிட்டு, அவ்வளவு தீவிரம் இல்லை என்கிறார். எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம் என்பேன்.

சர்க்கரையைப் போல மனச்சோர்வை ஒரு சொட்டு ரத்தத்தில் அளக்க வழியில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த மேக்ஸ் ஹாமில்டன், நோயாளியிடம் பேசி மருத்துவர் மார்க் போடும் அளவுகோலை வெளியிட்டார். 17 அம்சங்கள், மொத்தம் 52. மறு ஆண்டே அமெரிக்காவில் ஆரோன் பெக், தன் நிலைக்குப் பொருந்தும் வாக்கியத்தை நோயாளியே தேர்ந்தெடுக்கும் 21 கேள்விகளைக் கொண்டுவந்தார். அதில் மொத்தம் 63.

ஹாமில்டன் உடம்பைக் கூர்ந்து பார்த்தவர். தூக்கத்துக்கு மட்டும் மூன்று அம்சங்கள்: படுத்தும் தூக்கம் வராதது, நடுராத்திரியில் விழிப்பது, விடியுமுன்னே எழுந்து மறுபடி தூங்க முடியாதது. ஆறு மார்க் இதற்கே போய்விடும். அதனால்தான், நன்றாகத் தூங்க வைக்கும் மாத்திரை ஒன்று கொடுத்தாலே, மனசு அப்படியே கிடக்க, மார்க் மட்டும் இறங்கிவிடலாம் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் பேச்சு மந்தமாகியிருப்பதும், கை நிலைகொள்ளாமல் தவிப்பதும் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத்தான் சட்டென்று படும். எனக்கு மிகவும் பிடித்தது கடைசி அம்சம். "சாப்பாடு ஒத்துக்கல, வேலை ஜாஸ்தி, இந்த வெயில்தான் காரணம்" என்று சொன்னால் 1. "எனக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர்" என்று அடித்துச் சொன்னால் 2! நம் வீட்டு அப்பாக்களை லீட்ஸில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

பெக் கேட்பதில் பெரும்பகுதி உள்ளே நடப்பது: தோற்றுவிட்டேன் என்ற எண்ணம், குற்ற உணர்வு, தன்மேலேயே வரும் வெறுப்பு. முன்பின் தெரியாத டாக்டரிடம் அரை மணி நேரத்தில் யார் இதையெல்லாம் கொட்டுவார்கள்? அதேசமயம், எதற்கெடுத்தாலும் தன்னையே நொந்துகொள்ளும் சுபாவம் உள்ளவர் இங்கே தாராளமாக மார்க் போட்டுக்கொள்வார். மாமியார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் மருமகள் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிடுவாள்.

இன்னொன்று. டாக்டரும் நோயாளியும் முரண்படுவதாக நாம் நினைக்கும் பல இடங்களில், இருவர் முன்னும் இருப்பது வேறு வேறு கேள்விகள். மனநல மருத்துவர் ஜான் ரஷ் குழுவினர் 2003-இல் 16 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை, டாக்டருக்கு ஒன்று, நோயாளிக்கு ஒன்று என இரண்டு வடிவங்களில் தந்தார்கள். கேள்விகள் ஒன்றாகவே இருந்ததால் இரண்டு மார்க்கும் பெரும்பாலும் நெருங்கியே வந்தன.

போனில் நீங்கள் நிரப்பியது அநேகமாக ஒன்பது கேள்விப் படிவம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டுமே கேட்கும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது என்று அதற்குப் பொருள். நோயை உறுதிசெய்வது அதன் வேலை இல்லை. போகும்போது மொத்த எண்ணை மட்டும் சொல்லாமல் படிவத்தையே காட்டுங்கள். எந்தக் கேள்விக்கு 3 போட்டீர்கள், அதை அவர் ஏன் குறைவாக எடுத்துக்கொண்டார் என்று கேளுங்கள். அந்தப் பேச்சில் வெளிவருவது எந்த அளவுகோலிலும் வராது.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. அதற்கு மட்டும் பூஜ்யத்தைத் தவிர வேறெது போட்டிருந்தாலும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மொத்தம் 4 ஆகவே இருக்கட்டும், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்