கதிரறுக்கும் கைகள் எங்கே?

ஒரகடத்திற்கு அண்மையில் வடக்குப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. 2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறை அவ்வூரில் அகழ்ந்தபொழுது, ஏறத்தாழ 12,000 ஆண்டுகட்கு முற்பட்டனவாக மதிக்கப்பெற்ற கற்கருவிகளும், உரோமானியச் சாடிகளின் உடைந்த ஓடுகளும், பொன்னணிகளும் வெளிப்பட்டன. கல்லைக் கூராக்கிக் கருவி செய்த கை, காலப்போக்கில் மண்ணைப் பண்படுத்தி நெல் விளைத்தது. கடல் கடந்த நாட்டாரோடு வாணிகமும் செய்தது. அக்கையின் வழித்தோன்றல்களில் எத்துணைப் பேர் இன்று ஒரு கதிரரிவாளைப் பிடிக்க அறிவார்?

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று தொழிலகங்கள் நிரம்பியுள்ளன. 2010இல் ஒரகடத்தில் இரெனோ–நிசான் உந்து தொழிலகம் திறக்கப்பெற்றது. தமிழ் இளைஞர்க்கு வேலை கிடைப்பதை எவரும் வெறார். தொழில் வளராத நாடு தலைநிமிரா. ஆயினும், 2006இல் திருப்பெரும்புதூரில் உருவாக்கத்தைத் தொடங்கிய நோக்கியா தொழிலகம் 2014இல் மூடப்பட்டதையும், அதனை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான இளைஞரும் பெண்களும் தெருவில் நின்றதையும் மறத்தல் இயலுமா? ஆலை பெயர்த்தெடுத்துச் செல்லத்தக்கது, வயல் அத்தகையதன்று. ஆலைக் கதவு அடைபட்ட நாளிலும் அடுப்பெரிய வேண்டுமாயின், நெல் விளைவிக்கும் அறிவு நம் கையில் இருத்தல் வேண்டும்.

அவ்வறிவு தனியொருவனின் உடைமையாக என்றும் இருந்ததில்லை. பழஞ் செங்கழுநீர்ப்பட்டுப் பகுதிக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். காஞ்சிபுரத்திற்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தகச் சோழன் காலத்தில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு குழுவைத் தேர்ந்தமைத்த மண் இது. நீர் பொதுவாக இருந்தமையின் உழைப்பும் பொதுவாயிற்று. ஒருவர் வயலில் மற்றவர் அறுப்பதும், அவர் வயலுக்கு இவர் செல்வதுமாகிய கைம்மாற்று முறை அங்ஙனம் வளர்ந்ததே.

அறுவடைப் பொறி வந்த பின்னர்க் கை எதற்கு என்று வினவுவார் உளர். பிற வயல்களுக்குப் பொறி போதும். விதை வயலுக்குப் போதாது. ஒரு வயலில் அறுத்த பொறி அடுத்த வயலுக்குச் செல்லுங்கால், முந்திய வயலின் மணிகளைத் தன் வயிற்றில் எஞ்சவைத்துக் கொண்டே செல்கிறது. விதைநெல்லில் பிற நெல் கலந்துவிடின், அவ்வகையின் தூய்மை கெட்டது என்க. மேலும், நம் மரபு நெல்வகைகள் பல ஆளுயரத்திற்கு வளர்ந்து, முற்றியதும் சாய்பவை. சாய்ந்த கதிரை மண்ணோடு அள்ளாமல் அரிந்தெடுக்கக் கையே வேண்டும். அவற்றின் நெடிய வைக்கோலும் நசுங்காமல் மாட்டுக்குக் கிடைக்கும்.

கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் வானகத்தை நிறுவிய நம்மாழ்வார் 2013இல் மறையும்வரை, இளைஞரை மண்ணில் இறக்கியே வேளாண்மை கற்பித்தார். அவர் வழிவந்த நெல் செயராமன் 170க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளை மீட்டார். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, ஓர் உழவர்க்கு 2 கிலோ விதை தந்து, மறு ஆண்டில் 4 கிலோவாகத் திரும்பப் பெற்று, அதனைப் பிறர்க்கு வழங்கினார். 2018இல் அவர் மறைந்தார்; விதை மறையவில்லை. அவ்விதையைப் பெருக்கும் சிறு பொதுப் பண்ணைகளுக்கே அறுவடை நாளில் தொண்டர் தேவைப்படுகின்றனர்.

இங்கு ஒன்றைக் கூசாமல் சொல்லுதல் வேண்டும். கூலியின்றி உழைத்தல் என்னும் சொல் தமிழ் நிலத்தில் கறை படிந்தது. சோழர் கல்வெட்டுகளிலேயே 'வெட்டி' என்னும் கூலியில்லாக் கட்டாய உழைப்பு காணப்படுகிறது. ஊரார் மனமொப்பிச் செய்துவந்த ஏரிப்பணியையும் வெள்ளையராட்சி 1858இல் சட்டத்தால் கட்டாயமாக்கிற்று. 1968 திசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டது, கூலி உயர்வு கேட்ட உழவுத்தொழிலாளரை ஒடுக்குதற்கன்றோ? அந்நெருப்பை மறந்துவிட்டுத் தொண்டு என்று பேசுவது கயமை.

ஆகவே வரம்பு தெளிவாக இருக்கட்டும். தனியார் நிலத்தில், ஒரு தொழிலாளியின் கூலிக்கு மாற்றாகத் தொண்டர் எவரும் இறங்குதல் கூடாது. விளைவு பலர்க்கும் பகிரப்படும் பொதுப் பண்ணையில், விதை காக்கும் வயலில் மட்டுமே இறங்குக. அங்கும் அறுப்பில் தேர்ந்த உழவுத்தொழிலாளர்க்கு முழுக்கூலி தந்து, அவரையே ஆசிரியராகக் கொள்க. குனிந்து அறுக்கும் பெண்ணின் முதுகு எவ்வளவு நோகும் என்பதை ஒருநாள் தன் முதுகால் அறிந்த இளைஞன், அவள் கூலியைக் குறைத்துப் பேசமாட்டான். சாதியின் பெயரால் அவளைத் தாழ்த்தவும் நாணுவான்.

மொழிக்கும் இதுவே வழி. அரி, தாள், கட்டு, சூடு, பொலி, பதர், தூற்றல் என்னும் சொற்கள் அகரமுதலியில் மட்டும் வாழ்ந்தால், அவை அருங்காட்சியகத்துக் கல்லாயுதங்களே. களத்தில் வாழ்ந்தால்தான் சொல்லுக்கு உயிர் உண்டு. தூய தமிழ் பேசுவோம் என்பார், அத்தமிழைத் தூய்மையாகக் காத்து வந்தவர் கல்லாத உழவரே என்பதை உணர்தல் வேண்டும்.

தைப் புத்தாண்டில் பொங்கல் படைப்பார் பலர். அப்பொங்கலரிசி எக்களத்தில் விழுந்தது என்று அறிவார் சிலரே. ஒரகடத்துத் தொழிலகங்களில் பொறி முடுக்கும் தமிழ் இளைஞர்களே! வரும் தைத் திங்களில் ஒரு காரியும் ஒரு ஞாயிறும் ஒதுக்குங்கள். பொதுப் பண்ணை இருக்குமூர் நாடிச் செல்லுங்கள். இல்லையேல் பத்துப் பேர் கூடி ஒரு சிறு வயலையேனும் தொடங்குங்கள். பன்னீராயிரம் ஆண்டுகட்கு முன் கல்லைக் கூராக்கிய கைகள் உங்கள் மண்ணின் கைகள். அவற்றில் ஓர் அரிவாள் ஏறட்டும்!