அடி விழுந்த நேரத்துல வந்த வார்த்தை

பௌர்ணமிக்கு கிரிவலம் வர்ற பட்டணத்து ஜனங்க நிறைய பேர் செங்கம் ரோட்டுல இருக்கிற ரமணாசிரமத்துக்கும் போயிட்டு வர்றாங்க. ரமணர் படமும் கீழே அவர் சொன்ன நாலு வரியும் போட்ட அட்டையை வாங்கிட்டுப் போறாங்க. நல்ல வரிகள்தான், குறை சொல்லலை. ஆனால் ஒருத்தர் நிதானமா உட்கார்ந்து சொன்னதை விட, எதிர்பாராத நேரத்துல அடி விழுந்தப்போ என்ன சொன்னார்னு பார்த்தாத்தான் ஆளைத் தெரியும் என்பது என் கட்சி.

ரமணருக்கு நிஜமாவே அடி விழுந்தது. 1924 ஜூன் 26, ராத்திரி நேரம். ஆசிரமம் அப்போ கூரைக் கொட்டகைதான். திருடங்க வந்து ஜன்னலை உடைக்கிறாங்க. கதவைத் திறந்து விடுறோம், வேண்டியதை எடுத்துக்கோங்கன்னு ரமணர் சொல்லிட்டு, கூட இருந்தவங்களோட வெளியே வந்தார். வாசல்லயே நின்னு தடியால அடிச்சாங்க. அவருக்கு இடது தொடையில ஒரு அடி. திருப்தி இல்லைன்னா இன்னொரு காலிலும் அடிச்சுக்கோன்னு சொன்னாராம். அரிக்கேன் விளக்கு கேட்டாங்க, ஏத்திக் கொடுக்கச் சொன்னார். தேடித் தேடி அவங்களுக்குக் கிடைச்சது கொஞ்சம் அரிசி, மாம்பழம், சில வெள்ளித் துண்டு, பத்து ரூபா.

சீடர் ஒருத்தர் திருப்பி அடிக்கக் கிளம்பினப்போ, பல்லு நாக்கைக் கடிச்சா பல்லையா உடைப்போம்னு கேட்டுத் தடுத்திருக்கார். இது ஞானி பேச்சு. எனக்குப் பிடிச்சது இதைவிட அடுத்தது. அடி பட்டுச்சான்னு பக்தர் ஒருத்தர் பதறிப்போய்க் கேட்க, ஆமா, நமக்கும் நல்லா பூசை கிடைச்சுதுன்னு சொல்லிச் சிரிச்சிருக்கார். நம்ம பக்கம் 'பூசை போட்டான்'னா என்ன அர்த்தம்னு சொல்லத் தேவையில்லை.

எழுதி வெச்சவங்க பக்தர்கள்தானே, கொஞ்சம் மெருகு ஏத்தியிருக்க மாட்டாங்களான்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பக்தன் கட்டிச் சொல்றதா இருந்தா பெரிய தத்துவமால்ல கட்டுவான்? இந்தக் கிராமத்துக் குசும்பு, வீங்கின தொடையோட உட்கார்ந்திருந்த ஆளுக்குத்தான் வரும். அவர் மேல எனக்கு நம்பிக்கை வந்ததே இந்தச் சொல்லால்தான்.

காமராஜரையும் பாருங்க. 1967 தேர்தலுக்கு முன்னாடி விபத்துல அடிபட்டுக் கிடந்தவர், படுத்துக்கிட்டே ஜெயிப்பேன்னு சொன்னதா இன்னைக்கும் சொல்லிக் காட்டுறாங்க. விருதுநகர்ல ஒரு மாணவர் தலைவர்கிட்ட தோத்தார். தோத்த பிறகு, இதுதான் ஜனநாயகம்னு ஏத்துக்கிட்டார். முதல் பேச்சு பதவி பேசினது. ரெண்டாவதுதான் ஆளு.

சரி, ஊர்க்கதை எதுக்கு, என் கதைக்கு வர்றேன். நாலு வருசம் முன்னாடி எங்க நிலத்துல மல்லாட்டை பிடுங்கிட்டிருந்தோம். பிடுங்கி முடிச்ச கொல்லையில யார் வேணா வந்து காய் பொறுக்கலாம், அது வழக்கம். முடியறதுக்கு முன்னாடியே ஒரு கிழவி உள்ளே நுழைஞ்சு பொறுக்கிட்டிருந்தாங்க. எனக்கு அன்னைக்குக் கூலி கணக்கு உதைச்ச எரிச்சல். "இந்த வயசுல திருட்டுப் பொழப்பு தேவையா?"ன்னு கேட்டுட்டேன். யோசிச்சுச் சொன்னது இல்லை, தானா வாயில வந்தது. அதான் பிரச்சினையே.

கிழவி ஒண்ணும் கத்தலை. முந்தானையை அவிழ்த்து காயை அப்படியே வரப்புல கொட்டினாங்க. ஒரு படி கூட இருக்காது. "உங்கப்பனும் திட்டுவான்டா தம்பி. சோறு தின்னியான்னு கேட்டுட்டுத் திட்டுவான்" அப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

பின்னாலேயே கூப்பிட்டேன், திரும்பலை. அடுத்த தடவை பிடுங்கும்போது பொறுக்க வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். முடியலை, முழங்கால் வலின்னு பதில் வந்தது. ஆனா பக்கத்துக் கொல்லைக்கு வந்திருந்தாங்க. அன்னைக்கு வரப்புல கிடந்த அந்தக் காயை வீட்டுக்கு அள்ளிட்டு வர எனக்குக் கை வரலை. ரெண்டு நாள்ல அணிலும் காக்காயும் தின்னு தீர்த்துடுச்சு.